ஆடிச் சேவலும் வீட்டுப் பத்திரமும்



ஆடி பிறந்துவிட்டால் படவேட்டுப் பக்கம் சேவலுக்கு விலை ஏறிவிடும். ரேணுகாம்பாள் கோயிலில் ஆடி வெள்ளிக்குக் கூட்டம் தாங்காது. வேலூர், ஆரணி, போளூர் என்று நாலா பக்கமிருந்தும் வேன் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதே வாரங்களில் சுற்றுப்பட்டு ஊர்களில் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள். கூழ் ஊற்றிய வீட்டுக்கு வந்த உறவுக்காரர்களைக் கோழிக் குழம்பு வைக்காமல் அனுப்ப முடியுமா? தை மாதம் குஞ்சாகத் திரிந்தது ஆடியில் பணமாகிவிடுகிறது.

அந்தப் பக்கம் போயிருந்தபோது, இரண்டு சேவல்களைக் காலைக் கட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றிருந்த ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். வீடு கட்டிய கடன் பாங்கில் ஓடிக்கொண்டிருக்கிறதாம். "சேவல் வித்துதான் லோன் கட்டறீங்களாம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "சேவல் வித்தா லோன் அடையும்? அது அவரு சம்பளத்துல போவுது. இது பசங்க ஸ்கூலு செலவுக்கும்மா. இது இல்லன்னா தோட்டைக் கொண்டுபோய் வெக்கணும். அப்புறம் அதுக்கொரு வட்டி, லோனுக்கொரு வட்டி."

வீட்டுக் கடனைச் சீக்கிரம் முடிப்பது எப்படி என்று எழுதப்படும் கட்டுரைகளை நானும் வருஷக்கணக்காகப் படித்து வருகிறேன். சிலவற்றை இந்தப் பத்திரிகையிலேயே வெளியிட்டும் இருக்கிறேன். கூடுதலாக இவ்வளவு கட்டு, இத்தனை வருஷம் குறையும் என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கணக்கு சரிதான். ஆனால் அந்த அம்மா சொன்னது அதில் இருக்காது. பெரிய கடன் முடியாமல் இழுத்துக்கொண்டே போவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்தக் கடனில் இல்லை, நடுவில் வந்து நுழையும் சின்னக் கடன்களில் இருக்கிறது. கோழி வீட்டுக் கடனை அடைக்காது. புதுக் கடன் வாசற்படி ஏறாமல் பார்த்துக்கொள்ளும். இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களோடு பேச நினைக்கிறேன்.

படவேடு எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: திருவண்ணாமலை மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், கமண்டல நதிக்கரையில் இருக்கும் ஊர். ஒரு காலத்தில் சம்புவராயர்களின் தலைநகர். 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்துக் குமார கம்பணன் படையோடு வந்து பிடித்த கோட்டை. மண்ணுக்குள்ளும் புதருக்குள்ளும் கிடந்த பழைய கோயில்கள் பலவற்றை நம் காலத்தில் தொழிலதிபர் வேணு சீனிவாசன் முன்னின்று புதுப்பித்தார். டி.வி.எஸ். குழுமத்தின் ஸ்ரீநிவாசன் சேவைகள் அறக்கட்டளை இந்தப் பகுதியில் மகளிர் குழுக்களோடும் விவசாயிகளோடும் வேலை செய்கிறது. கோயில் பார்க்க வருகிறவர்கள் வழி நெடுக வாழைத் தோப்பைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

அந்த வாழையில் தொடங்குகிறது சிக்கல். வாழை வைத்தால் தார் வெட்டப் பத்துப் பன்னிரண்டு மாதம் ஆகும். நடுவில் ஒரு நாள் காற்று அடித்தால் தோப்பே படுத்துவிடும். நெல்லும் வேர்க்கடலையும் போகத்துக்குப் போகம்தான் காசு தரும். ஆனால் வீட்டுக் கடன் மாதா மாதம் ஐந்தாம் தேதி வந்து நிற்கும். பாங்கின் கடிகாரமும் நிலத்தின் கடிகாரமும் ஒன்றாக ஓடுவதில்லை. மாதச் சம்பளக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர் வீட்டுக்குத் தொல்லை வேறு உருவத்தில் வரும்: ஜூன் மாதப் பள்ளிக் கட்டணம், மாமன் சீர், ஆஸ்பத்திரி.

அரசு கொடுக்கும் வீட்டிலும் கடன் ஒட்டிக்கொள்கிறது. 2024-ல் அறிவித்த 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். நல்ல திட்டம். ஆனால் கடைக்கால் தோண்டும் அன்று வீட்டுக்காரர் மனசில் இன்னொரு அறை வந்துவிடும். மாடிப்படிக்கு இடம் விடச் சொல்வார் கொத்தனார். பெண்ணுக்கு வரன் பார்க்கும்போது முன்பக்கம் டைல்ஸ் இல்லையென்றால் எப்படி என்பார் மச்சினர். திட்டப் பணம் லிண்டலோடு தீர்ந்துவிட, மிச்சத்துக்கு அலைவார்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கணக்கென்றாலே பக்கத்தைப் புரட்டிவிடுபவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

10 லட்சம் ரூபாய், 9 சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறக்குறைய 8,997 ரூபாய். முதல் மாதம் கட்டும் பணத்தில் 7,500 வட்டிக்குப் போய்விடும், அசலில் கழிவது 1,497 மட்டும். ஒரு வருஷம் ஒரு மாதமும் தவறாமல் கட்டினால் கையைவிட்டுப் போனது ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அசலில் குறைந்தது 18,724 ரூபாய்தான். வருஷக் கடைசியில் பாங்கு அனுப்பும் கணக்குத் தாளைப் பார்த்துவிட்டு, ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று கிளை மேலாளரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். தப்பு எதுவும் இல்லை, கடனின் அமைப்பே அப்படி. ஆரம்பத்தில் வட்டி தின்னும், கடைசியில்தான் அசல் கரையும்.

அதனால்தான் ஆரம்பத்தில் கூடுதலாகக் கட்டும் பணத்துக்கு அவ்வளவு வலு. முதல் வருஷம் முடியும்போது எப்படியோ 50,000 ரூபாய் புரட்டி அசலில் கட்டிவிட்டால், கடைசியில் 27 தவணை காணாமல் போகும். அதாவது இரண்டேகால் வருஷம். அதே 50,000-ஐப் பதினைந்தாவது வருஷ முடிவில் கட்டினால் எட்டுத் தவணைதான் குறையும். பிள்ளைகள் வேலைக்குப் போகட்டும், அப்புறம் மொத்தமாகக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் வீடுகளுக்கு இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல வேண்டும். மாதா மாதம் 1,000 ரூபாய் கூடுதலாகக் கட்டினாலும் 20 வருஷக் கடன் பதினைந்தரை வருஷத்தில் முடிந்துவிடும், மிச்சமாகும் வட்டி 3 லட்சம்.

இன்னும் இரண்டு விஷயம். மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் பாங்குகள் அபராதம் வாங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012 ஜூனிலேயே சொல்லிவிட்டது. கூடுதலாகக் கட்டும்போது, தவணைத் தொகையைக் குறைக்க வேண்டாம், காலத்தைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுங்கள். வாய்ப்பேச்சு போதாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், பாங்குகளிடம் ரிசர்வ் வங்கி வாங்கும் ரெப்போ வட்டி 4-லிருந்து ஆறரை சதவீதத்துக்கு ஏறியபோது, தவணையை அப்படியே விட்டுவிட்டுக் காலத்தைச் சத்தமில்லாமல் நீட்டின பாங்குகள் உண்டு. ஓய்வு பெற்ற பிறகும் தவணை ஓடும் என்பது பல பேருக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வட்டி ஏறும்போது தவணையை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா, ஒரு தொகையைக் கட்டிக் குறைப்பதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. பாங்கு கேட்டால் சரி, கேட்காத இடத்தில் நாமே போய்க் கேட்க வேண்டும்.

இவ்வளவும் காகிதத்தில் சரி. வீட்டில் நடப்பது வேறு. 1,000 ரூபாய் கூடுதலாகக் கட்டலாம் என்று தம்பதி முடிவெடுப்பார்கள். நாலு மாதம் கட்டுவார்கள். ஐந்தாவது மாதம் மாமியாருக்குக் காய்ச்சல். தோடு, இல்லையென்றால் வளையல், அடகுக் கடைக்குப் போகும். கிராமத்தில் நூற்றுக்கு ரெண்டு வட்டி என்றால் சலுகை விலை, ஆனால் வருஷத்துக்கு அது 24 சதவீதம். அதைக் கட்ட முடியாமல் குழுக் கடன். குழுக் கடனின் வாரத் தவணைக்குத் தண்டல். தண்டல்காரர் பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எட்டாயிரத்து ஐந்நூறைக் கையில் கொடுத்துவிட்டு, தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் வாங்கிக்கொள்வார். வருஷ வட்டியாக மாற்றிப் பார்த்தால் நூற்றைத் தாண்டும். 9 சதவீதக் கடனை அடைக்கக் கிளம்பியவர் நூறு சதவீதக் கடனில் வந்து நிற்பார். கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் ஒரு சட்டம், கடன் வசூலில் அடாவடியைத் தடுக்க 2025-ல் இன்னொரு சட்டம் தமிழ்நாட்டில் இருக்கின்றன. ஆனால் ராத்திரி ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்பவருக்குச் சட்டம் பணம் தராது.

ஆகவே என் வரிசை இதுதான். முதலில் தண்டலை முடியுங்கள். அப்புறம் அடகுக் கடை, அப்புறம் குழுக் கடன். அப்புறம்தான் வீட்டுக் கடனில் கூடுதல். கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிய பயிர்க் கடனை அவசரப்பட்டு முன்கூட்டி அடைக்காதீர்கள். கெடுவுக்குள் கட்டினால் அதற்கு வட்டியே கிடையாது. கெடு தேதியை மட்டும் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

சின்னக் கடன் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடினால் பாதிக்குப் பாதி கல்யாணத்தில் போய் முட்டும். இதில் படவேட்டுக்கு ஒரு பழைய சம்பந்தம் உண்டு. வேலூருக்குப் பக்கத்தில் விரிஞ்சிபுரம் கோயிலில் 1425-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. இரண்டாம் தேவராயர் காலம். படைவீட்டு (அதாவது படவேட்டு) ராஜ்யத்துப் பிராமணர்களில் தமிழர், கன்னடர், தெலுங்கர், லாடர் எல்லோரும் கூடி எழுதிக்கொண்ட ஒப்பந்தம் அது. இனிமேல் பெண்ணைக் கன்னிகாதானமாகத்தான் கொடுக்க வேண்டும், பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவரும் அரச தண்டனைக்கு ஆளாவார்கள், சமூகத்திலிருந்தும் விலக்கப்படுவார்கள் என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அன்றைக்குப் பொன் மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குப் போயிற்று. திசை இன்று மாறிவிட்டது, கடன் மட்டும் மாறவில்லை. அறுநூறு வருஷத்துக்கு முன்பே ஊர் கூடிப் பேச வேண்டியிருந்த தொல்லை இது என்பதில் எனக்கு ஒரு விபரீதமான ஆறுதல்.

இனி கோழி. இதைப் பற்றி எழுதத்தான் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

முதலில் ஒரு எச்சரிக்கை. கோழி என்றதும் கடன் வாங்கிக் கொட்டகை போடக் கிளம்பிவிடாதீர்கள். 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு பண்ணைகள் சரிந்தது நினைவிருக்கும். வீட்டுப் பத்திரத்தை வைத்து ஈமு வாங்கியவர்களும் உண்டு, கடைசியில் அந்தப் பறவைக்குத் தீனி போட ஆளில்லாமல் அரசு தலையிட வேண்டியதாயிற்று. நான் சொல்வது பத்துப் பெட்டையும் ஒரு சேவலும். முதலீடு என்று சொல்லவே கூச்சமாக இருக்கும் அளவு.

நாட்டுக்கோழி வருஷத்துக்கு அறுபது எழுபது முட்டை இடும். பன்னிரண்டு பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். 21 நாளில் குஞ்சு. பொரித்த குஞ்சில் பாதி விற்கிற வயதுக்கு வந்தாலே அடிவாரத்து ஊர்களில் பெரிய விஷயம். பகலில் பருந்து, ராத்திரியில் மரநாய், இரண்டுக்கும் நடுவில் கீரி. அடையில் இருக்கும் முட்டைக்குப் பாம்பு. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கட்டின கூண்டு, நெருக்கமான கம்பி வலை, அடைக்கும்போது மறக்காத ஒரு ஆள். இவ்வளவு இருந்தால் பாதிச் சேதம் நின்றுவிடும். அடை வைக்கும் கூடையில் இடிக்காக ஒரு இரும்புத் துண்டும் கரியும் காய்ந்த மிளகாயும் போடுவார்கள் பாட்டிமார். பலன் உண்டா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அதைப் போடுகிற பாட்டி தினமும் கூடையை எட்டிப் பார்ப்பார், பலன் அதில் இருக்கலாம்.

கொத்துக் கொத்தாகக் கோழியைக் கொண்டுபோவது வெள்ளைக்கழிச்சல். வந்துவிட்டால் மருந்து இல்லை, தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் சொட்டு, எட்டு வாரத்தில் ஊசி. கால்நடைத் துறை வருஷாவருஷம் பிப்ரவரியில் இரண்டு வாரம் இலவசமாக முகாம் போடுகிறது. இதற்கான தடுப்பு மருந்து தயாராவது எங்கேயோ தூரத்தில் இல்லை. 1932-ல் ஆரம்பித்த ராணிப்பேட்டை கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் நம் வட ஆற்காட்டுக்குள்ளேயே இருக்கிறது. இருந்தும், பக்கத்து வீட்டுக் கோழி தலையைத் தொங்கப்போட்ட பிறகுதான் நாம் கால்நடை மருத்துவமனையைத் தேடுகிறோம்.

தீனிக்குச் செலவழித்தால் கணக்கு கட்டாது. நொய், கம்பு, சமையலறை மிச்சம், மாட்டுக் கொட்டகைக் குப்பை. குஞ்சுக்குக் கரையான். பழைய பானையில் சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் எடுத்துத் தட்டினால் குஞ்சுகளுக்கு விருந்து. கடையில் வாங்கும் எந்தத் தீவனமும் இதற்கு ஈடாகாது.

ஹைதராபாதில் உருவாக்கிய வனராஜா, கிராமப்ரியா, நம் கால்நடைப் பல்கலைக்கழகம் தந்த நந்தனம் கோழி, நாமக்கல் கோழி இவையெல்லாம் நாட்டுக்கோழியைவிட நிறைய முட்டை இடும். ஆனால் அடைக்கு உட்காரும் என்று நம்பக்கூடாது. முட்டைக்கு அது, குஞ்சுக்கு இது என்று இரண்டும் கலந்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

விற்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புரட்டாசியில் கறி எடுப்பவர் குறைவு, கார்த்திகை மார்கழியில் ஐயப்பனுக்கு மாலை போட்டுவிடுவார்கள். அப்போது விற்றால் வியாபாரி சொன்னதுதான் விலை. ஆடி, தீபாவளி, காணும் பொங்கல் மூன்றையும் மனசில் வைத்து ஆறு மாதம் முன்னால் எண்ணி அடை வைக்க வேண்டும். ஆடிக்கு வேண்டுமென்றால் மார்கழியில் அடை. நம் பெரியம்மாக்கள் இதைப் பஞ்சாங்கம் பார்க்காமலே செய்தார்கள்.

வருஷத்துக்கு 40 உருப்படி விற்கிறீர்கள் என்று வைப்போம். ஒன்றேகால் கிலோ சராசரி, உயிரோடு கிலோ 350 ரூபாய் என்று கணக்குக்கு எடுத்துக்கொண்டால் 17,500. தீனி, மருந்து, கூண்டுப் பழுது என்று 5,500 கழித்தால் 12,000. மாதம் 1,000 ரூபாய்! மேலே சொன்ன கூடுதல் தவணை அப்படியே கிடைத்துவிட்டதே என்று தோன்றும். அங்கேதான் நிதானிக்க வேண்டும். கோழிக் காசை மாதா மாதம் பாங்குக்கு எடுத்துப்போனால், திடீர்ச் செலவு வரும் அன்று கையில் ஒன்றும் இருக்காது, தோடுதான் கிளம்பும். அதனால் கோழிக் காசு சிறுவாடாகவே இருக்கட்டும். அஞ்சலகத்திலோ மகளிர் குழுவிலோ ஒதுங்கி நிற்கட்டும். ஆறு மாதத் தவணை அளவுக்குச் சேர்ந்த பிறகு, அதற்கு மேல் இருப்பதை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை வாழைக் காசோடு சேர்த்து அசலில் கட்டுங்கள். கோழியோ ஆடோ மாட்டுப் பாலோ, நகரமாக இருந்தால் தையல் மிஷினோ, எதுவானாலும் இதே முறைதான்.

சிக்கனத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. சிக்கனம் என்று வீட்டில் முடிவானால் முதலில் குறைவது அம்மாவின் தட்டு. முட்டை பத்து ரூபாய்க்கு மேல் போகும்போது, வீட்டில் கோழி வளர்க்கும் பெண்ணே முட்டை சாப்பிடாமல் விற்றுவிடுவார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு 2010 முதல் வாரத்தில் ஐந்து நாளும் முட்டை கிடைக்கிறது. வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் பாட்டிக்கும் எந்தச் சத்துணவு மையம்? கூண்டிலிருந்து எடுக்கும் முட்டையில் வீட்டுப் பெண்களின் பங்கு போகத்தான் விற்பனை என்று வைத்துக்கொண்டால் வருஷத்துக்கு இரண்டாயிரம் மூவாயிரம் குறையலாம். குறையட்டும். ரத்தசோகைக்கு ஆஸ்பத்திரியில் கட்டும் பணத்தைவிட அது குறைவு.

மாறாக, ஆடித் தள்ளுபடிக்கு ஆரணிக்கும் வேலூருக்கும் போய் வாங்கி வரும் துணி மூட்டையில் கை வையுங்கள். பத்திரிகையின் விளம்பரப் பிரிவு இந்த வரியைப் பார்த்தால் என்ன சொல்லும் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவிட்டேன். மாதாந்திர ரீசார்ஜ், வட்டியில்லாத் தவணை என்று வாங்கின போன், ஊர்ப் பெருமைக்கு அடித்த பேனர் இவற்றில் குறைக்கும் சிக்கனத்தால் யார் வயிறும் காயாது.

கடன் பேச்சுக்கு நம் மாநிலத்தில் நீண்ட வரலாறு இருக்கிறது. கிராமத்துக் கடனைப் பற்றி ஆராய 1890-களில் சென்னை அரசு பிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை நியமித்தது. ஜெர்மனியில் ரைஃபைசன் என்பவர் விவசாயிகளைச் சேர்த்து நடத்திக்காட்டிய சங்கங்களே இங்கும் வழி என்று அவர் இரண்டு பெரிய தொகுதிகளில் அறிக்கை கொடுத்தார். 1904-ல் கூட்டுறவுச் சட்டம் வந்ததும் திருவள்ளூருக்குப் பக்கத்தில் திரூரில் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது. 1929-ல் சென்னையில் மத்திய நில அடமான வங்கி ஆரம்பித்தது. நம் தாத்தாக்கள் 'நிலவள பாங்கு' என்று சொன்னது அந்தப் பரம்பரையைத்தான். 1938-ல் ராஜாஜி அமைச்சரவை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. வாங்கிய அசலைப்போல் இரண்டு மடங்கு கட்டிவிட்ட விவசாயியின் பழைய கடன் தீர்ந்ததாகக் கொள்ளப்படும் என்பது அதில் ஒரு ஏற்பாடு. மேலே போட்ட கணக்கைத் திரும்பிப் பாருங்கள். 10 லட்சத்துக்கு 20 வருஷத்தில் கட்டி முடிக்கும் தொகை 21 லட்சத்து 59 ஆயிரம். அன்றைய கந்துவட்டியையும் இன்றைய பாங்கு வட்டியையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லை, காலம் நீண்டதால் வந்த பெருக்கம் இது. ஆனாலும் அந்த இரண்டு மடங்குக் கோட்டை நம் சாதாரண வீட்டுக் கடனும் தாண்டுகிறது என்பது யோசிக்க வைக்கிறது.

"கடனை முன்கூட்டி அடைப்பது முட்டாள்தனம், அந்தப் பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டால் 12 சதவீதம் வரும்" என்று சொல்லும் வாசகர்கள் இருக்கிறார்கள், அதில் என் சொந்தக்காரப் பையன் ஒருவனும் சேர்த்தி. மாதச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, பத்து வருஷம் பணத்தைத் தொடாத மனம் மூன்றும் இருப்பவர் அப்படியே செய்யட்டும். பழைய வரி முறையில் இருப்பவருக்கு வீட்டுக் கடன் வட்டியில் 2 லட்சம் வரை கழிவும் உண்டு. புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு அது கிடையாது என்பதையும் அந்தப் பையன் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2020, 2021-ல் 3 சதவீத வட்டியை 30 வருஷத்துக்கும் மாறாமல் பூட்டிக்கொண்டவர்கள் கடனை அடைக்க அவசரப்படாதது சரியான புத்தி. நம் கடனோ ரெப்போ ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும். வாழைக்குக் காற்று பயம், கடனுக்கு வட்டி பயம் என்று இரண்டு பயத்தோடு இருக்கும் வீட்டில் மூன்றாவதாகப் பங்குச் சந்தையையும் கொண்டுவர என் மனம் ஒப்பவில்லை. உறுதியாக 9 சதவீதம் மிச்சமாகும் இடம் கையருகில் இருக்கிறது. அது போதும் என்பது என் கட்சி.

அமெரிக்கா என்றதும் ஞாபகம் வருகிறது. 2025 தொடக்கத்தில் பறவைக் காய்ச்சலால் அங்கே ஒரு டஜன் முட்டை 6 டாலரைத் தாண்டியபோது, கொல்லையில் கோழி வளர்க்கலாமா என்று அவர்களும் கிளம்பிவிட்டார்கள். வீட்டுக் கடன் தீர்ந்ததும் அடமானப் பத்திரத்தை ஊரைக் கூட்டிக் கொளுத்திக் கொண்டாடும் பழக்கம்கூட அங்கே ஒரு காலத்தில் இருந்தது. நம் ஊரில் தயவுசெய்து எதையும் கொளுத்திவிடாதீர்கள்.

ஏனென்றால் கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. கடன் வாங்கும்போது மூலப்பத்திரத்தைப் பாங்கில் ஒப்படைத்ததைச் சார் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்திருப்பார்கள். கடன் தீர்ந்ததும் பாங்கிடமிருந்து கடன் பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். அப்புறம் பாங்கு அதிகாரியை அழைத்துப்போய் ரசீது ஆவணம் எழுதிப் பதிவு செய்யுங்கள். அதன் பிறகு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அதில் ரசீது ஏறியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டு, இருபது வருஷம் கழித்து மகன் நிலத்தைப் பிரிக்கப்போகும்போது, இல்லாத பாங்குக் கிளையின் பெயரில் கடன் நிற்பதைக் கண்டு அலைந்த குடும்பங்கள் உண்டு. முழுக் கடனும் தீர்ந்த 30 நாளுக்குள் பாங்கு அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். பாங்கின் தவறால் தாமதமானால் ஒரு நாளைக்கு 5,000 ரூபாய் வீதம் உங்களுக்குத் தர வேண்டும். 2023 டிசம்பர் முதல் இந்த விதி நடப்பில் இருக்கிறது. கிளையில் யாராவது 'அடுத்த வாரம் வாங்க' என்றால் மரியாதையாக இதை ஞாபகப்படுத்துங்கள்.

அடுத்த இதழுக்கு உங்கள் வீட்டுக் கணக்கு வேண்டும். என்ன கடன், என்ன வட்டி, நடுவில் எந்தச் செலவு வந்து கெடுத்தது, எதை விற்றுச் சமாளித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அனுப்புங்கள். தோற்றுப்போன கணக்கும் வேண்டும். பெயரும் ஊரும் போட மாட்டோம். கோழி வளர்ப்பவர்கள் மறக்காமல் உங்கள் பக்கத்தில் எந்த மாதம் என்ன விலை போகிறது என்பதையும் எழுதுங்கள், மாவட்டவாரியாக ஒரு பட்டியல் போடலாம் என்று உதவி ஆசிரியர் ஆசைப்படுகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்